மேலே ஓர் எண், கீழே ஓர் எண்

"கொரோனா உண்மையிலேயே அவ்வளவு கொடியதா, இல்லை வீணாகப் பயமுறுத்திவிட்டார்களா?" டீக்கடையில் இன்றும் ஓயாத கேள்வி. டீயைக் குடித்துக்கொண்டே நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு நோயின் கடுமை என்பது வகுத்தல் கணக்கு. மேலே இறந்தவர்கள், கீழே தொற்று வந்தவர்கள். தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு வருவது மூச்சுத் திணறியவர்கள்தான்; லேசான இருமலோடு வீட்டில் கிடந்தவர் கணக்கில் வர மாட்டார். கீழ் எண் சிறுத்து, நோய் உள்ளதைவிடக் கொடியதாகத் தெரியும். பரிசோதனை கிடைக்காமல் வீட்டிலேயே இறந்தவர்கள் விடுபட்டால் மேல் எண் சிறுக்கும். நோய் சாதுவாகத் தெரியும். 2020 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பு சொன்ன 3.4 சதவீதமும் பதிவானவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்குதான்.

இந்த இரண்டு எண்களையும் முதலில் கண்ணால் பார்ப்பவர்கள் வார்டில் நிற்கும் டாக்டர்கள். சீனாவின் வூஹான் மத்திய மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் ஆய் ஃபென், 2019 டிசம்பர் 30 அன்று ஒரு நோயாளியின் ஆய்வக அறிக்கையில் 'சார்ஸ் கொரோனா வைரஸ்' என்றிருந்ததைச் சிவப்பில் வட்டமிட்டு, தெரிந்த டாக்டருக்கு அனுப்பினார். அது கைமாறிக் கைமாறி அதே மருத்துவமனையின் கண் மருத்துவர் லீ வென்லியாங்கிடம் வந்தது. உடன் படித்தவர்களின் வீசாட் குழுவில் அவர் எச்சரித்தார். ஜனவரி 3 அன்று காவல் நிலையத்தில் அவரிடம் ஒரு தாளை நீட்டினார்கள். பொய்யான செய்தி பரப்பிப் பொது ஒழுங்கைக் குலைத்தார் என்றது அது. இனி நிறுத்திக்கொள்ள முடியுமா என்ற கேள்விக்குக் கீழே 'முடியும்' என்றும், புரிந்ததா என்பதற்குக் கீழே 'புரிந்தது' என்றும் கைப்பட எழுதி, சிவப்பு மையில் விரல்ரேகை வைத்தார்.

அதற்குப் பிறகு எந்த டாக்டர் வாய் திறப்பார்? ஜனவரி 11 அன்று வூஹான் சொன்ன தொற்று எண்ணிக்கை 41. பல நாள் அது அசையவே இல்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று சுவாச நோய் நிபுணர் ஜோங் நான்ஷான் தொலைக்காட்சியில் உறுதிசெய்தது ஜனவரி 20 அன்றுதான். தன்னிடம் வந்த கண் நோயாளியிடமிருந்து தொற்றி, லீ பிப்ரவரி 7 அன்று இறந்தார். ஏப்ரல் 17 அன்று வூஹான் விடுபட்ட 1,290 இறப்புகளைச் சேர்த்து, மொத்தம் 3,869 என்றது.

தொற்று எண்ணிக்கையை நம்ப முடியாதபோது இன்னொரு வழி உண்டு. வழக்கமான ஆண்டில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த ஆண்டு எத்தனை பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பார்ப்பது. அப்படிப் பார்த்துத்தான் 2020, 2021 ஆண்டுகளில் உலகில் சுமார் 1.49 கோடிப் பேர் கூடுதலாக இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. நாடுகள் கணக்குக் காட்டிய கொரோனா இறப்புகள் சுமார் 54 லட்சம். ஆக, வீண் பயம் என்ற பேச்சு நிற்காது. மிகைப்படுத்தினார்கள் என்பவரும் மறைத்தார்கள் என்பவரும் சேர்ந்து கோபப்பட வேண்டியது, டாக்டர்களின் வாயைக் கட்டியவர்கள் மேல்தான்.

2020 மார்ச்சில் லீ மீதான எச்சரிக்கையைப் போலீஸ் ரத்துசெய்து, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. அதே மாதம் ஆய் ஃபென் ஒரு சீனப் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டி வெளியான அன்றே நீக்கப்பட்டது. மக்கள் விடவில்லை. சொற்களைத் தலைகீழாக்கி, எமோஜியாக்கி, மோர்ஸ் குறிகளாக்கித் திரும்பத் திரும்பப் பகிர்ந்தார்கள்.