5 மணி மீட்டிங் 6 மணி ஆனது எப்படி? ஆபீஸ் ஆப்களில் நீங்கள் பார்க்க வேண்டிய செட்டிங்ஸ்

ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாக நிறுவனத்தில் நீங்கள் குவாலிட்டி இன்ஜினியர் என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனி டீமுடன் வாரம் ஒருமுறை வீடியோ மீட்டிங். செப்டம்பர் வரை அது மாலை 5 மணிக்கு நடந்தது. முடித்துவிட்டு 6 மணி கம்பெனி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வீடு. நவம்பர் முதல் வாரம் காலண்டரைத் திறந்தால், அதே மீட்டிங் 6 மணி என்று காட்டுகிறது. யாரும் மாற்றவில்லை. ஆனால், பஸ் போச்சு.

என்ன நடந்தது? ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறன்று மறுபடி பின்னே வைப்பார்கள். காலண்டர் அழைப்பு எந்த ஊர் நேரத்தில் உருவாக்கப்பட்டதோ, அந்த ஊரோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும். ஜெர்மனியில் அது எப்போதும் மதியம் 1.30 மணி மீட்டிங்தான். நமக்கு மட்டும் கோடையில் 5 மணி, குளிர்காலத்தில் 6 மணி.

ஒரே சாலை, பல கடிகாரங்கள்

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் என்று கொரிய நிறுவனங்கள். ஒரகடத்தில் பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் ஜெர்மனியின் டைம்லர். அதே ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய கார் ஆலை, 2025-ல் முழுமையாக பிரான்ஸின் ரெனோ வசம் வந்தது. இவற்றுக்குப் பாகம் சப்ளை செய்யும் சின்ன கம்பெனிகள் ஏராளம்.

சியோலும் டோக்கியோவும் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னே. அங்கே காலை 9 மணி என்றால் இங்கே விடியற்காலை 5.30. ஜெர்மனியும் பிரான்ஸும் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னே. அங்கே மாலை 4 மணிக்கு ஒருவர் ‘சின்ன டவுட்’ என்று மெசேஜ் தட்டினால், குளிர்காலத்தில் இங்கே இரவு 8.30.

மெயில், சாட், மீட்டிங் ஆப்களில் சில வருடங்களாக வந்த புது வசதிகளில் பல, இந்த நேரச் சிக்கலுக்காகவே வந்தவை. ஆனால், பெரும்பாலானவற்றை நாமே போய் ஆன் செய்ய வேண்டும்.

அனுப்புபவர் செய்ய வேண்டியது

ஜிமெயிலில் ‘ஷெட்யூல் சென்ட்’ 2019 ஏப்ரலில் வந்தது. இரவு 10 மணிக்கு மெயிலை எழுதி, காலை 8.30-க்குப் போய்ச் சேரும்படி வைக்கலாம். அவுட்லுக்கிலும் இது உண்டு. டீம்ஸ் சாட்டில் மொபைலில் சென்ட் பட்டனை அழுத்திப் பிடித்தால் தேதி, நேரம் கேட்கும்.

டீம் லீடர்களுக்கு இது மிக முக்கியம். “நான் இப்ப அனுப்பறேன், நீங்க காலையில பாருங்க” என்று மேனேஜர் சொன்னாலும், போன் அடித்தால் ஜூனியர் பார்க்காமல் இருக்க மாட்டார். “சார் என்ன நினைப்பாரோ” என்ற பயம் அவருக்கு.

ஜிமெயிலில் ‘அன்டூ சென்ட்’ நேரத்தை 30 விநாடி வரை நீட்டலாம். வழக்கமாக 5 விநாடிதான் இருக்கும். தப்பான டிராயிங்கை வாடிக்கையாளருக்கு அனுப்பியவர்களுக்கு இந்த 25 விநாடியின் மதிப்பு தெரியும்.

பெறுபவர் செய்ய வேண்டியது

முதலில், காலண்டரில் வேலை நேரத்தைப் பதியுங்கள். கூகுள் காலண்டரின் அலுவலகக் கணக்குகளில் இதைச் செய்தால், அந்த நேரத்துக்கு வெளியே உங்களை அழைப்பவருக்கு ஒரு எச்சரிக்கை வரும். அவுட்லுக்கிலும் வேலை நேரம் குறிக்கலாம். இரண்டாவது டைம் ஜோனையும் சேர்த்துவிட்டால், ஜெர்மனி நேரம் பக்கத்திலேயே தெரியும்.

அடுத்தது, டீம்ஸ் மொபைல் ஆப்பில் நோட்டிஃபிகேஷன் பகுதியில் உள்ள ‘கொயட் டைம்’. நீங்கள் சொல்லும் நேரத்தில் போன் சத்தம் போடாது. ஷிஃப்ட் மாறுபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: வாரம் மாறும்போது இதையும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கும் பகலில் போன் கத்தும்.

ஆண்ட்ராய்டு போனில் ஆபீஸ் ஆப்கள் சின்னப் பெட்டிப் படத்துடன் தனியாக இருந்தால், அது ‘வொர்க் புரொஃபைல்’. ஒரே தட்டில் மொத்தத்தையும் நிறுத்திவைக்கலாம்.

மீட்டிங்கில் உட்காரும் ஏஐ

ஜூம் 2023-லும், கூகுள் மீட் 2024-லும் ஏஐ குறிப்பெடுக்கும் வசதியைக் கொண்டுவந்தன. டீம்ஸில் கோபைலட் அதே வேலையைச் செய்கிறது. யார் என்ன சொன்னார், யார் எந்த வேலையை ஏற்றார் என்று சுருக்கம் வந்துவிடும். பஸ்ஸுக்குப் போக வேண்டியவர் கடைசி அரை மணி நேரத்தைத் தைரியமாக விட்டுவிடலாம்.

இதில் கவனமும் வேண்டும். ஏஐ குறிப்பெடுக்கிறது என்ற அறிவிப்பு திரையில் வரும். அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். “வெள்ளிக்கிழமை முடிக்கப் பார்க்கிறேன்” என்று நீங்கள் சொன்னது, சுருக்கத்தில் ‘வெள்ளிக்கிழமை முடிப்பார்’ என்று மாறலாம். கூகுள் மீட்டில் அந்தக் குறிப்பு, மீட்டிங்கை ஏற்பாடு செய்தவரின் டிரைவில் சேமிக்கப்படும். எனவே மறுநாளே படித்துப் பார்த்து, தவறு இருந்தால் பதில் மெயிலில் திருத்தம் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பும் வந்துவிட்டது. ஒருவர் பேசுவதை உடனுக்குடன் இன்னொரு மொழிக் குரலில் தரும் வசதியை டீம்ஸுக்காக 2024 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. முதலில் சொன்ன 9 மொழிகளில் கொரியன், ஜப்பானியம், ஜெர்மன், பிரெஞ்சு நான்கும் இருந்தன. தமிழ் இல்லை. இந்தத் தொழிற்சாலைகளுக்கு வெளியிலிருந்து வரும் மொழிகளுக்கு இடம் கிடைத்தது. லைனில் நிற்பவர் பேசும் மொழிக்குக் கிடைக்கவில்லை. அதனால், லைன் ஆபரேட்டர் கண்ட கோளாறை மீட்டிங்கில் ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் வேலை இன்னும் உங்களுடையதுதான்.

செட்டிங் மட்டும் போதுமா?

போதாது. ஆலைக்குள் நுழைந்தால் பஞ்ச், வெளியேறினால் பஞ்ச். வேலை நேரத்தை 12 மணி நேரம் வரை நீட்டிக்க வழிசெய்யும் மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது பெரிய எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று முதல்வர் அது திரும்பப் பெறப்படும் என்றார். ஆலைக்குள் இருக்கும் நேரத்தை எண்ணலாம், அதனால் அதற்காகப் போராடவும் முடிந்தது. வீட்டில் இரவு 9 மணிக்குத் திறக்கும் மெயிலுக்கு பஞ்ச் கிடையாது.

வேலை நேரத்துக்குப் பிறகு போனைத் தொடாமல் இருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017-லும் ஆஸ்திரேலியா 2024-லும் நடைமுறைக்குக் கொண்டுவந்தன. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே 2018-ல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் தாக்கல் செய்தார். சட்டம் இன்னும் வரவில்லை.

அதுவரை டீமுக்குள் ஒரு எளிய ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். லைன் நின்றுவிட்டதா? போன் செய்யுங்கள். மற்ற எதுவானாலும் மெயில், காலையில் பதில். இதை டீம் லீடரே முதலில் சொன்னால்தான் ஜூனியர்கள் நம்புவார்கள்.

அந்த ஜெர்மனி மீட்டிங்? அழைப்பை உருவாக்கியவரிடம் கேட்டு, அதை இந்திய நேரத்தில் மாற்றிப் போடச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் அவர்களுக்கு 12.30 ஆகும், மதிய உணவை அவர்கள் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு 6 மணி பஸ் கிடைக்கும்.