பன்னிரண்டு ஸ்டேஷன்... டிக்கெட் கிடையாது!

டெல்லி மெட்ரோவில் ஒருத்தர் 2021 ஏப்ரலில் ஒரு காரியம் பண்ணினார். ஒரே நாளில் 286 ஸ்டேஷன்களையும் தொட்டுவிட்டு வந்து கின்னஸ் புத்தகத்தில் ஏறிக்கொண்டார். ஆன நேரம் 15 மணி 22 நிமிடம். லண்டனில் இதற்கென்றே ஒரு கோஷ்டி இருக்கிறது. பாதாள ரயிலின் 272 ஸ்டேஷன்களையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று டைம்டேபிளும் கையுமாக அலைகிறார்கள். ஒரு லைனிலிருந்து இன்னொரு லைனுக்கு ஓடலாம், பஸ் பிடிக்கலாம். டாக்ஸியோ சொந்த வண்டியோ கூடாது என்று கறாரான விதி வேறு!

இதை எங்கள் ஊரில் சொன்னேன். மாமா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"அவனுக்கு ரயிலு இருக்குல்லா மக்கா!"

நியாயம்தானே? எங்களுக்கு ரயில் கிடையாது. ஸ்டேஷன் 12தான். ஆனால் தூரம் சுமார் 110 கிலோமீட்டர். காலில் செருப்பு கூடாது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குளித்து, ஈரத்துணியோடுதான் உள்ளே போக வேண்டும். இதற்குப் பெயர் சிவாலய ஓட்டம்!

கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிற பன்னிரண்டு சிவன் கோயில்கள். மாசி மாதம் சிவராத்திரிக்கு முந்தின நாள் சாயங்காலம் முஞ்சிறை திருமலையில் புறப்பட்டு, சிவராத்திரி அன்று திருநட்டாலத்தில் முடிக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், முஞ்சிறைக்கும் நட்டாலத்துக்கும் நேர் வழி கொஞ்ச தூரம்தான். பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் இருக்காது. அதைத்தான் மலையோரம் வரை போய், ஒரு பெரிய வட்டம் அடித்து ஓடுகிறோம்.

சென்னை ஆபீஸில் லீவ் லெட்டர் நீட்டினேன். 'காரணம்: ஓட்டம்.'

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "மாரத்தானா சார்? டி-ஷர்ட் குடுப்பாங்களா?"

"இல்ல சார். காவி வேட்டி, கையில ஒரு பனையோலை விசிறி. ரெண்டும் நம்ம செலவு."

"ஜெயிச்சா மெடல்?"

"எல்லாருமே ஜெயிப்பாங்க சார்... முடிச்சா!"

லீவ் சாங்ஷன் ஆனது. மனுஷர் என்ன புரிந்துகொண்டார் என்று இன்றுவரை தெரியாது.

கதை இதுதான். தருமரின் யாகத்துக்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். அது பாதி மனிதன், பாதி மிருகம். சிவன் என்றால் உயிர்; விஷ்ணு பெயரைக் கேட்டாலே ஆகாது. பால் கொண்டுவரப் பீமன் போகிறான். கண்ணன் அவன் கையில் 12 ருத்ராட்சம் கொடுத்து அனுப்புகிறான். பீமன் 'கோவிந்தா... கோபாலா!' என்று கத்த, மிருகம் துரத்த, பீமன் ஓட... பிடிபடும் நேரத்தில் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போடுவான். அந்த இடத்தில் லிங்கம் முளைக்கும். மிருகம் கோபத்தை மறந்து பூஜையில் உட்கார்ந்துவிடும். அப்படிப் பன்னிரண்டு இடம்! அதனால்தான் இன்றைக்கும் சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் வாயில் 'கோவிந்தா, கோபாலா!' வெளியூர்க்காரர்கள் தலை சுற்றி நிற்பது இங்கேதான்.

என்னோடு ஓடியவர் தாய்மாமா. வயது 61. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்ட சர்வீஸ்! வலது முட்டி மட்டும் ரிட்டயர்மென்ட் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகவே எங்கள் இரண்டு பேருக்கும் விரதம். இளநீர், நுங்கு, துளசித் தண்ணீர் என்று மாமா தெம்பாக இருந்தார். எனக்குக் கனவில் பரோட்டா வந்தது.

சாயங்காலம் முஞ்சிறையில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ஆற்றங்கரையில் திக்குறிச்சி. அங்கே சிவன் முன்னால் நந்தி கிடையாது! அடுத்து திற்பரப்பு. அருவிச் சத்தம் இருட்டில் முன்னாலேயே வந்து வரவேற்றது. நாலாவது திருநந்திக்கரை. பக்கத்திலேயே பழைய குடைவரை இருக்கிறது, சுவரில் ஓவியத்தின் மிச்சம் உண்டு. ராத்திரியில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சுக்குக் காப்பி கொடுக்கிற பந்தல் எங்கே என்றுதான் கண் தேடியது.

அந்தப் பந்தல்களைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வழி நெடுக, நடுராத்திரியில், முன்பின் தெரியாதவர்கள் மோர், பானகம், சுக்குக் காப்பி என்று வைத்துக்கொண்டு 'குடிச்சிட்டுப் போங்க மக்கா' என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பொன்மனை தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே பன்னிப்பாகம் வந்து சேரும்போது விடிந்துவிட்டது.

ஏழாவது ஸ்டேஷன் கல்குளம். அதாவது பத்மநாபபுரம். அதாவது... என் வீடு!

பத்மநாபபுரத்தின் பழைய பெயர்தான் கல்குளம். திருவிதாங்கூருக்குத் தலைநகராக இருந்த ஊர். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. கோட்டைச் சுவரும் மர அரண்மனையும் எங்களுக்கு மிச்சம். 1956ல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனை மட்டும் கேரள அரசு நிர்வாகத்தில்தான் இருக்கிறது. கோட்டைக்குள்ளேயே நீலகண்டசுவாமி கோயில், உயர்ந்த கோபுரம், பெரிய தெப்பக்குளம். குளத்துப் படியில் உட்கார்ந்தால் எங்கள் வீட்டுத் தெரு தெரிகிறது. அங்கே கட்டில் இருக்கிறது. ஃபேன் இருக்கிறது. மேனேஜருக்கும் மெடல் கணக்குத் தெரியாது!

"மாமா, ஒரு மணி நேரம் படுத்துட்டு, மச்சானுக்க பைக்குல மீதி அஞ்சையும் பாத்துருவோமா? இப்ப பாதிப் பேரு வண்டியிலதான போறான்?"

"போறவன் போட்டு. அதுவும் கும்புடுதான். ஆனா அதுக்குப் பேரு ஓட்டம் இல்ல."

"யாரு பாக்கா மாமா?"

"நான் பாக்கேன்லா!"

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? எழுந்தேன்.

மேலாங்கோடு பக்கம்தான். திருவிடைக்கோடு, வில்லுக்குறி அருகில். அதற்குப் பிறகுதான் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். மாசி வெயிலில் தார் ரோடு தோசைக்கல். வண்டிகள் உரசுகிற மாதிரி போகின்றன. ரோட்டோரம் ஒரு கை அகலப் புல் கிடைத்தால் அதுதான் சொர்க்கம். மாமா விந்தி விந்தி வந்தார். 'ஆட்டோ' என்று நான் வாயெடுத்தபோதெல்லாம் 'கோவிந்தா' என்றார்.

பத்தாவது, திருவிதாங்கோடு. திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கே பெயர் கொடுத்த ஊர். சாமி கும்பிட்டு வெளியே வந்ததும் மாமா திண்ணையில் உட்கார்ந்தார். முட்டி பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, ரொம்ப அமைதியாகச் சொன்னார்.

"எனக்கு இந்த வருசம் பத்து."

எனக்குத் தொண்டை அடைத்தது. "ரெண்டுதான மாமா? ஆட்டோவில வாங்க. சாமி கோவிச்சுக்கிடாது."

"சாமி கோவிக்காது மருமவனே. ஆனா ஊருல யாராவது எத்தனைன்னு கேப்பான். பன்னெண்டுன்னு என் வாயி சொல்லிப்போடும். அதான் பயம்." பனையோலை விசிறியை என் கையில் கொடுத்தார். "நீ போ. நட்டாலத்துல எனக்கும் சேத்து வீசு."

பீமன் கதையின் கடைசிப் பகுதியும் இதே மாதிரிதான். பன்னிரண்டாவது இடத்தில் பீமனின் ஒரு கால் மிருகத்தின் எல்லைக்குள், ஒரு கால் வெளியே. பஞ்சாயத்து தருமரிடம் போகிறது. தம்பியாயிற்றே என்று பார்க்கவில்லை அவர். உள்ளே இருக்கிற பாதி உடம்பு மிருகத்துக்குத்தான் சொந்தம் என்று தீர்ப்புச் சொன்னார். அந்த நேர்மையைப் பார்த்து மனசு நிறைந்துதான் புருஷாமிருகம் பால் கொடுத்ததாம். பாதி என்றால் பாதி. பத்து என்றால் பத்து!

தனியாகத் திருப்பன்றிக்கோடு போனேன். தனியாக என்பது பேச்சுக்கு. முன்னும் பின்னும் ஆயிரம் பேர், ஒரே 'கோவிந்தா!' இருட்டிய பிறகு திருநட்டாலம். சிவனுக்கு ஒரு கோயில். சங்கரநாராயணருக்கு ஒரு கோயில். ஒரே உருவத்தில் பாதி சிவன், பாதி விஷ்ணு. வழியெல்லாம் கத்தியதற்கு அர்த்தம் அங்கேதான் புரிகிறது. குளித்து, ஈர வேட்டியோடு நின்று, என் விசிறியால் ஒரு தரம், மாமா விசிறியால் ஒரு தரம் வீசினேன். கால்கள் எனக்குச் சொந்தமானவையாகவே தெரியவில்லை.

அடுத்த மாசிக்குப் போகிற இளைஞர்களுக்கு மூன்று விஷயம்: ஒரு மாதம் முன்னாலிருந்தே வெறுங்காலில் நடந்து பழகுங்கள். ராத்திரி ரோட்டில் ஓரமாகவே வாருங்கள். லாரி டிரைவருக்குப் புராணம் தெரியாது. பந்தலில் கொடுப்பதை மறுக்காதீர்கள். ஆனால் வயிறு முட்டக் குடிக்காதீர்கள்.

மாமா இப்போது முட்டிக்கு எண்ணெய் போட்டு, தினமும் காலையில் கோட்டைச் சுவரைச் சுற்றி நடக்கிறார். என்ன விசேஷம் என்று கேட்பவர்களிடம் சொல்கிறாராம்:

"ரெண்டு பாக்கி இருக்குடே!"