பத்து மணி நேர விமானப் பயணமா? காலைக் கவனியுங்கள்!

எங்கள் கிளியனூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் எட்டிப் பிடிக்கிற தூரம். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் அங்கே நிறைய. பெண் கொடுத்து, பெண் எடுத்ததில் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் பாரீசில் இருக்கிறார்கள். மகள் பிரசவத்துக்குப் புறப்படும் அம்மாக்கள், "டாக்டர், எனக்கு ஷுகர். அவ்வளவு தூரம் உடம்பு தாங்குமா?" என்று கேட்கிறார்கள். தாங்கும். சில விஷயம் தெரிந்துகொண்டு போகணும், அவ்வளவுதான்.

சென்னையிலிருந்து பாரீஸ் ஏறத்தாழ 8,000 கிலோ மீட்டர். நேராகப் பறந்தால் பத்து, பத்தரை மணி நேரம் ஆகும். ஃபிராங்க்பர்ட்டில் விமானம் மாறினால் அங்கிருந்து பாரீஸ் 450 கி.மீ. போல. நம்ம சென்னை-மதுரை மாதிரி. பறப்பது ஒன்றேகால் மணி நேரம்தான், காத்திருப்பதுதான் அதிகம்.

டிக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். இரவு 2 மணிக்குச் சென்னையில் ஏறி, காலை 8 மணிக்குப் பாரீசில் இறங்குவதாக இருந்தால் ஆறு மணி நேரம் என்று தோன்றும். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால் (கோடையில் மூன்றரை). ஆக, பயணம் பத்தரை மணி நேரம். திரும்பும்போது மேல்காற்று மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளுவதால் பொதுவாகச் சற்று சீக்கிரமே வந்துவிடலாம்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு விளையாட்டல்ல. போகும்போது பகல் நீளும், வரும்போது சுருங்கும். ஊசிக்கு ஊசி இடைவெளியும் அப்படியே மாறும். எப்போது, எவ்வளவு என்று இன்சுலின் எழுதித் தந்த டாக்டரிடமே கேட்டு வாங்குங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். பெட்டியில் போட்டால் குளிரில் உறைந்து கெடலாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பது போலத்தான். ஊட்டியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈரம் மட்டும் இருக்காது, தொண்டை காயும். எழுந்து பாத்ரூம் போகணுமே என்று பல பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. சித்த மருத்துவம் அடக்கக் கூடாது என்று சொல்லும் பதினான்கு வேகங்களில் சிறுநீரும் ஒன்று. நடைபாதை ஓர இருக்கையாகக் கேட்டு வாங்கி, தாராளமாகக் குடியுங்கள். புறப்படும் நாளில் ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம், கால் வீங்கும். (உப்பு விளைகிற கரையில் இருந்துகொண்டு சொல்கிறேன்!) குமட்டினால் ஒரு துண்டு சுக்கை வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் ஆடுதசை ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. எல்லோருக்கும் வராது. சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. மற்றவர்கள் மணிக்கொரு முறை எழுந்து நடந்தால் போதும். உட்கார்ந்தபடியே தையல் மெஷின் மிதிப்பது போல் பாதத்தை ஆட்டலாம்.

இறங்கியதும் இரண்டு காலும் லேசாக வீங்கியிருந்தால் பயம் வேண்டாம், ஓரிரு நாளில் வடியும். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, ஆடுதசை வலித்தால் தைலம் போட்டு உருவவே கூடாது. நம்ம ஜனங்கள் முதலில் செய்வது அதைத்தான்! கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடலாம். ஊர் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம் கழித்துக்கூட இது வரும். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால், பிரான்சில் கூப்பிட வேண்டிய எண் 112.