மடியில் பாடும் கித்தார்: கனம் குறைந்தால் குரல் குறையுமா?

கித்தாரை மார்போடு அணைத்து வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழந்தையைப் போல மடியில் கிடத்தி வாசிக்கும் கித்தாரும் உண்டு.

அதற்கு "லேப் ஸ்டீல்" என்று பெயர். "ஹவாய் கித்தார்" என்றால் நம்மில் பலருக்குப் புரியும்.

இதில் இடது கை விரல்கள் தந்தியை அழுத்துவது இல்லை. ஓர் உருக்குத் துண்டைத் தந்திகளின் மேல் வழுக்க விடுகிறார்கள். அதனால் ஓசை படி படியாக ஏறாமல், வழுக்கிக்கொண்டே ஏறுகிறது. நமது கோட்டு வாத்தியத்தைக் கேட்டவர்களுக்கு இந்தக் குழைவு புதிது அல்ல. அதில் தந்தி மேல் ஓடுவது கட்டை; இதில் உருக்கு!

பள்ளிக்கூடப் பையன்

ஹவாய்த் தீவுகளில் 1874-ல் பிறந்தவர் ஜோசப் கெக்குக்கு. ரெயில் பாதையில் கிடந்த ஓர் இரும்பு ஆணியை எடுத்துக் கித்தார் தந்தியில் தேய்த்துப் பார்த்தார் என்று சொல்வார்கள். அப்போது அவர் சிறுவன். சீப்பு, பேனாக்கத்தி என்று எதை எதையோ தேய்த்துப் பார்த்தார். கடைசியில் உருக்குத் துண்டே நல்லது என்று கண்டார்.

1904-ல் அவர் அமெரிக்காவுக்குப் போனார். 1915-ல் சான்பிரான்சிஸ்கோவில் பெரிய கண்காட்சி நடந்தது. அங்கே ஹவாய் இசையைக் கேட்ட ஜனங்கள் சொக்கிப் போனார்கள்.

ஆனால் ஒரு தொல்லை. கூட்டம் பெருகியது, கித்தாரின் ஓசை பெருகவில்லை! மற்ற வாத்தியங்களின் இரைச்சலில் அது அமுங்கிப் போயிற்று.

வாணலி வந்தது

ஜார்ஜ் பீச்சம் என்பவர் மேடைகளில் ஹவாய் கித்தார் வாசித்தவர். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றி, ஒலிபெருக்கிக்கு அனுப்ப வழி தேடினார். குதிரை லாடம் போன்ற காந்தத்தைத் தந்திகளைச் சுற்றி வைத்தார். காந்தத்துக்கு நடுவே உருக்குத் தந்தி அதிர்ந்தால், கீழே உள்ள செப்புக் கம்பிச் சுருளில் மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான் சூட்சுமம்!

அடால்ப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து, 1932-ல் இதை விற்பனைக்குக் கொண்டு வந்தார். கெக்குக்கு இறந்ததும் அதே ஆண்டில்தான்.

இந்தக் கித்தார் முழுவதும் அலுமினிய வார்ப்பு. சிறிய வட்ட உடல், நீண்ட கழுத்து. பார்த்தவர்கள் சிரித்தார்கள். "கைப்பிடி போட்ட வாணலி" என்று பெயரே வைத்துவிட்டார்கள்! சமையல் அறையில் தொங்கவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது.

வாணலிக்கும் ஒரு குறை இருந்தது. மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரியும். உருக்குத் தந்தியைவிட அதிகமாக விரியும். உடனே சுருதி ஓடிவிடும். பாட்டுக்கு நடுவில் சுருதி ஓடினால் வித்துவானின் கதி என்ன?

ஆகவே 1935-ல் பேக்கலைட்டில் ஒரு கித்தார் செய்தார்கள். பழைய மின்சார ஸ்விட்சுகளில் கறுப்பாக இருக்குமே, அதே பொருள்தான். அதன் ஓசை கணீர் என்று நெடுநேரம் நின்றது. ஜெர்ரி பேர்டு போன்ற பெரிய வித்துவான்கள் அதை விரும்பி வாசித்தார்கள். இன்றும் பழைய பேக்கலைட் கித்தாரைத் தேடி அலைகிறவர்கள் உண்டு.

ஆனால் கனம்! கைக்குச் சிறியதாக இருக்கும். தூக்கினால் கல் போல இருக்கும். உள்ளே குழி விட்டும் அப்படி. கீழே விழுந்தால் உடையவும் செய்யும்.

முதுகு வலிக்கு மருந்து

பின்னால், காலால் மிதிக்கும் பெடல் வைத்த பெரிய ஸ்டீல் கித்தார்கள் வந்தன. இரண்டு கழுத்து வைத்ததைப் பெட்டியோடு தூக்கினால் 30 கிலோ வரை கூட இருக்கும். இளமையில் தூக்கலாம். அறுபது வயதில்? முதுகு வலி வந்து வாத்தியத்தையே விடவேண்டிய நிலை வந்தால், அது இசைக்காரருக்கு எவ்வளவு பெரிய இழப்பு!

இப்படிப்பட்டவர்களுக்கு மடிக் கித்தார் கைகொடுக்கிறது. அதையும் இப்போது மிக இலேசாகச் செய்கிறார்கள். விரலால் அழுத்தாததால் கழுத்து உருண்டையாக இருக்க வேண்டியது இல்லை. கட்டைகளும் வேண்டாம், கோடு போட்டால் போதும். ஆகவே செய்கிறவர் இஷ்டத்துக்கு வடிவம் கொடுக்கலாம். சிலர் மரத்தின் உள்ளே அறை அறையாகக் குடைகிறார்கள். சிலர் சூட்டுக்கு விரியாத கார்பன் நார் வைத்துக் கழுத்தைப் பலப்படுத்துகிறார்கள். தலையே இல்லாமல் செய்து, முறுக்காணிகளை உடல் பக்கம் வைக்கிறவர்களும் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. உடல் இலேசாகி, தலை மட்டும் கனத்தால், கித்தார் மடியிலிருந்து சரிந்துவிடும்!

ஓசை என்ன ஆகும்?

கனமான உடல் ஆடாது. தந்தியின் வேகம் தந்தியிலேயே இருக்கும், ஓசை நீளும். இலேசான, தொளதொளத்த உடல் தந்தியோடு சேர்ந்து தானும் ஆடும். தந்தியின் பலத்தை அது தின்றுவிடும். ஓசை சீக்கிரம் அடங்கும்.

எனவே இலேசாக இருந்தால் போதாது. விறைப்பாகவும் இருக்க வேண்டும். தெரிந்தவர்கள் மற்ற இடங்களில் மரத்தைக் குடைந்து எடுத்தாலும், தந்தி உட்காரும் இரண்டு முனைகளிலும் கை வைக்கமாட்டார்கள். அங்கே கெட்டியான உலோகம் வைப்பார்கள்.

காதுக்கு வித்தியாசம் தெரியுமா? தெரியும். குடைந்த மரத்தில் ஓசை சற்று மிருதுவாக, மூச்சு விடுவது போல இருக்கும். பேக்கலைட்டின் கணீர் ஒலி அதில் வராது. ஆனால் காந்தம், ஒலிபெருக்கி, வாசிக்கிறவரின் கை ஆகிய மூன்றும் செய்யும் மாற்றம் இதைவிடப் பெரிது. மரத்தைப் பற்றியே மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்கள் கையைப் பற்றிப் பேசுவது இல்லை!

ஒன்றை மட்டும் பெரும்பாலோர் இலேசாக்க விரும்புவது இல்லை. அது கையில் பிடிக்கும் உருக்குத் துண்டு. பெரியது சுமார் 200 கிராம் இருக்கும். அதன் கனம்தான் தந்தியை அமர்த்திப் பிடிக்கிறது. கனம் குறைந்தால் தந்தி கரகரக்கும்.