படகு எஞ்சினில் திஸ்ர நடை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகு ஆட்களை ஏற்றி முடித்ததும் டீசல் எஞ்சின் இரண்டு தரம் இருமும். பிறகு ஒரே சீரான 'டக டக டக'. நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகிற சனம் அர்ச்சனைப் பொருட்களையும் பிள்ளைகளையும் இறுக்கிப் பிடித்தபடி நெருக்கியடித்து இருக்கும். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவரின் விரல் தன்பாட்டில் பலகையில் தட்டத் தொடங்கிவிடும்.

அந்தத் தாளம் பிறப்பது காதில். ஒரே அளவில், ஒரே கனத்தில் தொடர்ந்து வரும் ஒலிகளைக் கேட்பவர்கள் தம்மையறியாமலே இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நந்நான்காகச் சேர்த்துக் கேட்கிறார்கள் என்பதை அமெரிக்க உளவியலாளர் தாடியஸ் போல்டன் 1894இல் ஆய்வு செய்து எழுதினார். மூன்றாகப் பிரித்தால் படகு திஸ்ர நடையில் போகும். நான்காகப் பிரித்தால் சதுஸ்ரத்தில். தவில் மேதை தெட்சணாமூர்த்தியைத் தந்த யாழ்ப்பாணத்துக் காதுகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஒழுங்கைக்குள் இன்னொரு கச்சேரி பாண் ஓட்டோவில் வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் பாணும் பணிசும்; வெளியே ஒரு சின்ன ஒலிபெருக்கி. இலங்கை முழுவதும் இந்த ஓட்டோக்களில் கீச்சுக்குரலில் ஒலித்துப் பழகிய மெட்டு, பீத்தோவன் 1810இல் எழுதிய 'ஃபியூர் எலிஸ்'. அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து, 1867இல்தான் அது அச்சேறியது. தாய்வானில் அதே மெட்டு கேட்டால் குப்பைப் பையோடு வாசலுக்கு ஓடுவார்கள், இங்கே சில்லறையோடு.

சுற்றியுள்ள ஒலிகளை இப்படி இசையாகக் கேட்பது தமிழுக்குப் பழக்கமான காரியம்தான். அகநானூற்றின் 82ஆம் பாட்டில் கபிலர் ஒரு மலைச்சாரலையே அரங்காக்கிவிடுகிறார். மூங்கிலில் விழுந்த துளைகளில் மேல்காற்று புகுந்து குழலூதுகிறது. அருவி முழவு, கலைமானின் குரல் தூம்பு, வண்டின் ரீங்காரம் யாழ். மயில் ஆட, மந்திகள் வியந்து பார்க்கின்றன.

ஈழத்துக் கடற்கரையில் வேலையே பாட்டாகியிருக்கிறது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவது அம்பாப் பாட்டு. எல்லாக் கைகளும் ஒரே நொடியில் கயிற்றை இழுக்க வேண்டும் என்பதற்காகப் பாடியது; அழகு அதில் தானாக வந்து சேர்ந்தது. உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி வலை இழுக்கும் கரைகளில் கைகளைச் சேர்க்கப் பாட்டு வேண்டியதில்லை.

அம்பா பாடிய மூத்தவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே கைத்தொலைபேசியில் பாடச் சொல்லிப் பதிந்து வையுங்கள். பாடியவரின் பெயரையும் ஊரையும் சேர்த்துச் சொல்ல வைக்க மறக்காதீர்கள்.