காலையில் மடங்காத விரல்கள்

"விடியற்காலையில் எழ முடியவில்லை என்றாள், பத்து மணிக்குப் பார்த்தால் வாசலில் துணி காயப்போடுகிறாள். இது நோயா, சோம்பலா?" இப்படிக் கேட்கும் மாமியாரையும் கணவரையும் நம் தோட்டத்து வீடுகளில் நாம் கண்டிருக்கிறோம். காய்ச்சலைத் தொட்டுப் பார்க்கலாம். காயம் கண்ணுக்குத் தெரியும். முடக்குவாதமோ, தொடங்கும் காலத்தில் வெளியே அதிகம் காட்டிக்கொள்ளாது.

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் காவல் சக்தியே மூட்டின் உட்சவ்வைப் பகையென்று எண்ணித் தாக்குவதுதான் இந்த நோய். சவ்வு அழன்று தடிக்கிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டு இறுகிப் போகிறது. எழுந்து அசைய அசையத்தான் இளகும். அதற்கு அரை மணிக்கு மேலாகும். சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம்கூடப் பிடிக்கும். ஆகவே, காலையில் முடியாதவர் பத்து மணிக்கு நடமாடுவதே இந்நோயின் அடையாளம். முதுமையில் வரும் மூட்டுத் தேய்மானத்தில் காலை இறுக்கம் சில நிமிடங்களில் விட்டுவிடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும்.

பால்மரம் சீவும் பெண்ணின் சங்கடத்தைப் பாருங்கள்! பெரட்டுக்குப் போகும் நேரமும் விரல் மடங்காத நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. உளியைப் பிடிக்க முடியாது. பிள்ளைக்குத் தலை பின்னவும் முடியாது. (பின்னாத தலையோடு பள்ளிக்கு வரும் பிள்ளையைக் கடியுமுன் நாமும் இதை எண்ணிப் பார்க்கலாம்.) தூங்கி எழுந்தாலும் தீராத அயர்வும் இந்நோயின் வேலையே. ஒரு நாள் நன்றாக இருப்பார், மறுநாள் படுத்துவிடுவார். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. 'சாக்குச் சொல்கிறாள்' என்ற பேச்சும் அவர்களுக்கே கிடைக்கிறது.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். இரத்தப் பரிசோதனையும் சிலருக்குச் சரியாகவே இருக்கும். அதோடு விட்டுவிடலாகாது. காலம் கடந்தால் எலும்பு அரித்து விரல்கள் கோணிவிடும். சில மாதங்களுக்குள் மருந்து தொடங்கினால் பலருக்கு அதைத் தடுக்கலாம். பெரும்பாலும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது. பதிவில்லாமல் விற்கும் வலிமருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. வலி மாயமாய் மறையும், முகம் ஊதும், உள்ளே மூட்டு அரித்துக்கொண்டேயிருக்கும்.

கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு வாரம், அவர் எழுந்த நேரத்தையும் கைவிரல்களை முழுதாக மடக்க முடிந்த நேரத்தையும் பிள்ளையின் பழைய நோட்டில் குறித்து வையுங்கள். எந்தெந்த மூட்டு, இரண்டு கையிலுமா என்றும் எழுதுங்கள். சந்தேகப்பட்டவரே அந்த நோட்டோடு டாக்டரிடம் கூடப் போகட்டும்.