கடலுக்குள் பவளம் பார்க்கப் போகிறீர்களா? காதையும் மூச்சையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்!

"ஓடம்போக்கி ஆத்துல வெள்ளம் போறப்பவே எதிர்நீச்சல் போட்டவன் சார் நான். எனக்குப் போய் கடல் பயமா?"

இப்படிச் சொல்கிற திருவாரூர்க்காரரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்!

தை பிறந்து, சம்பா அறுவடை முடிந்து, நெல் காசாகிறபோதுதான் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வெளியூர் போக நேரம் கிடைக்கும். ராமேஸ்வரம் போய்த் தீர்த்தமாடிவிட்டு வருவோம். இப்போதோ பிள்ளைகள், "அப்பா, கடலுக்குள்ள பவளப்பாறை பார்க்கலாம்ப்பா" என்கிறார்கள். நியாயமான ஆசைதான். பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை மன்னார் வளைகுடாவில் வரிசையாக 21 தீவுகள் (இதில் இரண்டு மூழ்கிவிட்டன. பவளத்தை வெட்டி எடுத்ததும் அதற்கு ஒரு காரணம்). இவற்றைச் சுற்றித்தான் பவளப்பாறைகள். 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதனால் வனத்துறை அனுமதி இல்லாமல் தீவுகளுக்குப் போகக்கூடாது.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் காற்றும் கடலைக் கலக்கிவிடும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று பலமாக இருக்கும். தை, மாசியில் கடல் பெரும்பாலும் அமைதி. ஆக, நம் அறுவடைக் காலமும் கடல் தெளிகிற காலமும் ஒன்றுதான்!

சரி, சிக்கல் எங்கே? குளத்தில், ஆற்றில் பழகிய சில பழக்கங்கள் கடலில் காலை வாரிவிடும்.

முக்குளிப்புப் போட்டி

சின்ன வயதில் 'யார் அதிக நேரம் தம் பிடிக்கிறது?' என்று போட்டி போட்டிருப்பீர்கள். முங்குவதற்கு முன் வேகவேகமாக நாலைந்து தடவை மூச்சு இழுத்து விடுவோம். ஆபத்தே அதில்தான்! 'மூச்சு விடு, மூச்சு விடு' என்று நம்மை நெருக்குவது முக்கியமாக ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக மூச்சு வாங்கினால் அது குறைந்துபோகும். உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துகொண்டிருக்கும், தவிப்போ வராது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் நீருக்கடியிலேயே மயக்கம் வந்துவிடும். நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞர்கள் இப்படித்தான் போய்விடுகிறார்கள். குளமோ கடலோ, இந்தப் போட்டி வேண்டவே வேண்டாம்.

காது சொல்வதைக் கேளுங்கள்

நீருக்குள் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. ஆனால் காதுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை. இரண்டு ஆள் உயரம் இறங்குவதற்குள்ளேயே செவிப்பறை உள்ளே அமுங்கி வலிக்கத் தொடங்கும். வலி வருவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக மூச்சை அழுத்துங்கள். காதில் 'பொட்' என்று திறக்கும். திறக்கவில்லையா? மேலே வந்துவிடுங்கள். முக்கி அழுத்தினால் செவிப்பறை கிழியலாம்.

ஜலதோஷம் இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு இறங்கலாம் என்பதும் தவறு. மருந்தின் வேகம் பாதியில் குறைந்தால், மேலே வரும்போது காதுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும்.

'அவர் ரசிக்கிறாரா, மயங்கிட்டாரா?'

மூச்சுக்குழாயை வாயில் வைத்து, முகத்தை நீருக்குள் கவிழ்த்து மிதப்பதுதான் ஸ்நார்க்கலிங். இதில் ஒரு விபரீதம் உண்டு. ஒருவர் பவளத்தை ரசித்துக்கொண்டு மிதக்கிறாரா, நினைவிழந்து கிடக்கிறாரா என்பது பார்ப்பவருக்குத் தெரியாது. இரண்டுமே ஒரே மாதிரிதான் இருக்கும். கை உதறல், கூச்சல் எதுவும் இருக்காது. அதனால் தனியாக இறங்காதீர்கள். இரண்டிரண்டு பேராகப் போங்கள். சில நிமிடங்களுக்கு ஒரு முறை தலையைத் தூக்கி, 'சரியா இருக்கேன்' என்று கையால் சைகை காட்டிக்கொள்ளுங்கள். மிதவைச் சட்டையைக் கழற்றாதீர்கள்.

நாற்பதைத் தாண்டிய அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். "என்னங்க, உங்களுக்கு பிரஷர் இருக்கே" என்று மனைவி சொன்னால், "சும்மா இரு" என்று வாயை அடைக்காதீர்கள். குழாய் வழியாக மூச்சு விடுவதும், அலையை எதிர்த்து நீந்துவதும் இதயத்துக்குக் கூடுதல் வேலை.

டாக்டரிடம் கேட்காமல் இறங்கக்கூடாதவர்கள்

* இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள்.
* ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்கள்.
* காதில் சீழ் வடிகிறவர்கள், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்கள். தண்ணீர் உள்ளே போனால் தலை சுற்றி, மேல் எது, கீழ் எது என்றே தெரியாது.
* கர்ப்பிணிகள் ஸ்கூபா டைவிங் செய்யவே கூடாது.

சிலிண்டர் மாட்டி இறங்கினால்...

ஸ்கூபாவில் முதல் விதி: மூச்சை அடக்காதீர்கள்! அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அழுத்தம் குறையக் குறைய நுரையீரலில் உள்ள காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். மெதுவாக, மூச்சு விட்டபடியே மேலே வர வேண்டும். அந்தமான் போய் டைவ் அடிக்கிறவர்கள், கடைசி டைவ் முடிந்து ஒரு முழு நாள் கழித்து விமானம் ஏறுவது நல்லது. ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும்.

தொடாதே, மிதிக்காதே

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். பாறை அப்படிக் கிழிக்கும். பவளம் கல் அல்ல, உயிர். நம் கால் பட்டால் அதற்கும் சேதம், நமக்கும் காயம். கீறல் பட்டால் நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு, துகள் இல்லாமல் கழுவுங்கள். டி.டி. ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர்கள் சின்னக் கீறல்தானே என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

முதுகு வெந்து போகாமலிருக்க முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டோ, மது அருந்திவிட்டோ இறங்காதீர்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, 'போகவே வேண்டாம்' என்று முடிவு கட்டாதீர்கள்! புறப்பட ஒரு மாதத்துக்கு முன் காதையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஊர்க் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில், பக்கத்தில் ஆள் நிற்க, மூச்சுக்குழாயோடு பழகிப் பாருங்கள். பிறகு தைரியமாகக் கிளம்புங்கள். பங்குனியில் ஆழித்தேர் வடம் பிடிக்க எல்லோரும் பத்திரமாக ஊர் திரும்பிவிடலாம்!